கிட்டாரில் வரும் ‘உர்ர்’ சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் கிட்டார் ரிப்பேருக்கும் மேடை ஒலி வேலைக்கும் போகிற இடமெல்லாம் இந்தக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை. எதற்கும் காசை இறக்கும் முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஏனுங்க, ஆம்பைப் போட்டதும் ‘உர்ர்’ன்னு ஒரு சத்தம் வருதுங்களே, அது என்னங்க?

உங்கள் வீட்டுக் கரண்டின் சத்தம்தான் அது. நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். சுவருக்குள் ஓடும் வயர், டிரான்ஸ்பார்மர், மோட்டார் எல்லாமே இந்த 50 ஹெர்ட்ஸைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டிருக்கின்றன. பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி சுற்றிய காயில். கம்பி அதிர்ந்தாலும் சரி, பக்கத்து வயரில் கரண்ட் ஓடினாலும் சரி, அது இரண்டையும் ஒன்றாகவே வாங்கி ஆம்புக்கு அனுப்பிவிடும்.

சத்தத்தில் வகை உண்டு. அடிவயிற்றில் உறுமுவது போல வந்தால் 50 ஹெர்ட்ஸ். கொஞ்சம் மேலே ‘ம்ம்ம்’ என்று நின்றால் 100 ஹெர்ட்ஸ்; ஆம்ப் அல்லது அடாப்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் இடத்தில் பிறப்பது. கூர்மையாக ‘ஜ்ர்ர்ர்’ என்று காதைக் குத்தினால் லைட், ரெகுலேட்டர், சார்ஜர் மாதிரி ஏதோ ஒன்று. ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். உறுமல் அந்தச் சுருதியை ஒட்டி, ஒரு மயிரிழை மேலே இருந்தால் அது 100. ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50. இந்த ஒரு சோதனையே பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

கிட்டார்ல தப்பா, கேபிள்ல தப்பா, ஆம்ப்ல தப்பான்னு எப்படிங்ணா கண்டுபிடிக்கறது?

ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் ஆம்பில் எதையும் சொருகாமல் ஆன் பண்ணி, வால்யூமை நீங்கள் வாசிக்கும் அளவுக்கு வையுங்கள். அப்போதே உறுமினால் ஆம்பிலோ கரண்ட் லைனிலோதான் கோளாறு. அமைதியாக இருந்தால் கிட்டாரை நேராக, பெடல் எதுவும் இல்லாமல், ஒரே கேபிளில் சொருகுங்கள். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு போங்கள். சத்தம் நின்றால் பிக்கப்பும் அதன் வயரிங்கும்தான் சத்தத்தை வாங்குகின்றன. நிற்காவிட்டால் கேபிள் அல்லது ஜாக் (கேபிளைச் சொருகும் துளை).

அதன்பின் பெடல்களை ஒன்றொன்றாகச் சேருங்கள். எந்தப் பெடலைச் சேர்த்ததும் சத்தம் ஏறுகிறதோ அங்கே நில்லுங்கள். பலர் எல்லாவற்றையும் மாட்டிவைத்தபடியே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, ‘எதை மாத்தினாலும் போகலைங்க’ என்று வருவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கோளாறு இருப்பது ரொம்பச் சாதாரணம். அதனால்தான் வெறும் ஆம்பிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

கம்பியைத் தொட்டா சத்தம் நின்னுருது, கையை எடுத்தா திரும்ப வருது. எர்த் ஆகலையோ?

பெரும்பாலும் கிட்டார் சரியாகத்தான் இருக்கிறது. கம்பிகள் பிரிட்ஜ் (கிட்டார் உடம்பில் கம்பிகள் ஊன்றி நிற்கும் உலோகப் பகுதி) வழியாக ஒரு வயரால் ஜாக்கின் கிரவுண்டோடு, அதாவது சிக்னல் போகாத பொதுப் பக்கத்தோடு, இணைக்கப்பட்டிருக்கும். உங்கள் உடம்பும் அறையில் உள்ள கரண்ட் இரைச்சலை வாங்கும் ஒரு ஆன்டெனா. கம்பியைத் தொட்டதும் உடம்பு கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறது, சத்தம் அடங்குகிறது. அந்த பிரிட்ஜ் வயர் இருக்கிறது, வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. கையை எடுத்ததும் வருகிற மிச்சச் சத்தத்தை உள்ளே ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போட்டுக் குறைக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

கம்பியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரிக் கத்தினால் பிரிட்ஜ் வயரைச் சந்தேகப்படுங்கள். கேபிளைக் கிட்டாரில் சொருகி, மறுமுனைப் பிளக்கின் நீளமான உலோகப் பகுதியில், ‘பீப்’ அடிக்கும் கன்டின்யூட்டி நிலையில் வைத்த மீட்டரின் ஒரு முனையையும் கம்பியில் இன்னொரு முனையையும் வையுங்கள். ‘பீப்’ வர வேண்டும்.

எனக்கு அப்படியே தலைகீழுங்க, தொட்டாத்தான் கத்துது!

ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறிச் சால்டர் ஆகியிருக்கும். கிரவுண்டுக்குப் போக வேண்டிய பிரிட்ஜும் கம்பிகளும் சிக்னல் பக்கத்தோடு சேர்ந்துவிட்டதால், உங்கள் உடம்பு வாங்கும் இரைச்சல் நேராக ஆம்புக்குள் போகிறது. ஜாக்கைத் திறந்து மாற்றி வைத்தால் தீர்ந்தது. ஜாக் மாற்றிய கையோடு இந்தப் புகார் வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

ஜாக்கைப் பற்றி இன்னொன்று. வெளியே நட் தளர்ந்திருந்தால், கேபிளைச் சொருகிப் பிடுங்கும்போதெல்லாம் உள்ளே ஜாக்கே சுழலும். வயர் முறுக்கிக்கொண்டே போய் ஒருநாள் கிரவுண்டு வயர் சால்டர் விட்டு வந்துவிடும். அப்போது வருவது சின்ன உர்ர் கிடையாது, வீடே அதிரும். நட்டை மட்டும் முறுக்கிவிட்டால் போதாது. திறந்து, முறுக்கை எடுத்துவிட்டு இறுக்குங்கள்.

ஃப்ரெண்டோட கிட்டார்ல சத்தமே இல்ல, என்னுதுல மட்டும் ஏனுங்க?

அவருடையது ஹம்பக்கராக இருக்கும், உங்களுடையது சிங்கிள் காயிலாக இருக்கும். 1955-ல் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் இந்தத் தொல்லைக்காகவே ஹம்பக்கரை வடிவமைத்தார். இரண்டு காயிலை எதிர் எதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிராக வைத்துவிட்டார். கம்பியின் சத்தம் இரண்டிலும் சேர்ந்து கூடும். வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

அதற்காகச் சிங்கிள் காயிலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்தத் தெளிவான மணியோசை வேண்டுமென்றுதானே ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையை வாங்கினீர்கள்? மூன்று பிக்கப் உள்ள கிட்டாரில் சுவிட்சை இரண்டாவது, நான்காவது நிலையில் வைத்துப் பாருங்கள். இப்போது வரும் பெரும்பாலானவற்றில் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று என்பதால் அந்த இரு நிலையிலும் உறுமல் வெகுவாக அடங்கும். அதுவும் போதாதென்றால், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காயில் அடுக்கிய, பார்க்கச் சிங்கிள் காயில் போலவே இருக்கும் பிக்கப்கள் கிடைக்கின்றன.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்னா சத்தம் கம்மியாகுதுங்க, அதெப்படி?

காந்தப்புலத்துக்குத் திசை உண்டு. காயில் அதற்கு வாகாக நிற்கும்போது அதிகம் வாங்கும், திரும்பினால் குறையும். ஆளோடு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உறுமல் அடங்கும் இடம் ஒன்று கிடைக்கும். ரெக்கார்டிங் பண்ணும்போது அந்த இடத்திலேயே நாற்காலியைப் போட்டுவிடலாம். காசில்லாத வைத்தியம் இது.

திரும்பினால் சத்தம் மாறுகிறது என்றால் காந்தவழி இரைச்சல் என்று பொருள். தூரம்தான் அதற்கு மருந்து. ஆம்பின் டிரான்ஸ்பார்மர், ஸ்டெபிலைசர், வீட்டு ஃப்ரிட்ஜ், மிக்ஸி எதுவானாலும் இரண்டடி தள்ளினாலே பெரிய வித்தியாசம் தெரியும். சின்ன அறையில் ஆம்பின் மேலேயே உட்கார்ந்து வாசிப்பவர்கள் முதலில் எழுந்து வேறு பக்கம் போங்கள்.

ராத்திரி ஃபேன் ஓடறப்ப ‘ஜ்ர்ர்’னு வருது, பகல்ல இல்லீங்க.

ஃபேன் ரெகுலேட்டர். வட்டமாகத் திருகும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் பல, கரண்டின் அலையை நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. வெட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கூர்மையான இரைச்சல் கிளம்பும். டிம்மர் போட்ட லைட்டும் அப்படியே. ஃபேனை நிறுத்திப் பாருங்கள், சத்தம் போனால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். ‘டக் டக்’ என்று படிப்படியாக நிற்கும் கெப்பாசிட்டர் வகை அலையை வெட்டுவதில்லை.

ராத்திரியில் கூடவே எரிவது டியூப் லைட்டும் எல்இடியும். அவற்றையும் ஒன்றொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கத்தினால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு.

கேபிள் வெலை கூடினதா வாங்கினா போயிருங்களா?

நல்ல ஷீல்டு உள்ள கேபிள் கட்டாயம் வேண்டும். தங்கமுலாம் எல்லாம் உறுமலைக் குறைக்காது. நான் அடிக்கடி பார்ப்பது, ஸ்பீக்கர் கேபிளைக் கிட்டாருக்குப் போடுவது. இரண்டுக்கும் ஒரே கால் அங்குல பிளக் என்பதால் வெளியே வித்தியாசம் தெரியாது. ஸ்பீக்கர் கேபிளில் ஷீல்டே கிடையாது. பிளக் மூடியைத் திருகிப் பாருங்கள்: நடுவில் ஒரு வயரும் சுற்றிலும் பின்னிய செம்புக் கம்பிகளும் இருந்தால் கிட்டார் கேபிள், ஒரே தடிமனில் இரண்டு வயர் இருந்தால் ஸ்பீக்கர் கேபிள்.

காப்பர் டேப் ஒட்டினா சரியாயிரும்ங்கறாங்க, நானே ஒட்டலாமா?

ஒட்டலாம். பிக்கப்பும் பொத்தான்களும் இருக்கும் குழியின் தரை, சுவர் முழுக்க ஒட்டி, சுவரின் மேல் விளிம்பில் கொஞ்சம் வெளியே மடித்துவிடுங்கள். பிக்கார்டின் (குழியை மூடும் முன்பக்கத் தகடு) பின்பக்கமும் ஒட்டுங்கள். மூடும்போது அந்த மடிப்பும் பிக்கார்டின் டேப்பும் தொட்டுக்கொண்டால்தான் குழி முழுப் பெட்டியாகும். பசை கரண்ட் கடத்தாத டேப்பும் விற்கிறது. அதனால் ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடத்தில் ஒரு சொட்டுச் சால்டர் வையுங்கள். ஈயம் உருண்டையாக நிற்காமல் தகட்டின் மேல் பரவிப் பளபளவென்று படிய வேண்டும். உருண்டை நின்றால் பிடிக்கவில்லை. முடித்ததும் மூலைக்கு மூலை மீட்டர் வைத்துப் பாருங்கள், எங்கும் ‘பீப்’ வர வேண்டும். கடைசியாக ஒரு வயரால் டேப்பைக் கிரவுண்டோடு சேருங்கள். சேர்க்காத டேப்பால் பயனில்லை.

ஒட்டி மூடியதும் சத்தமே வராமல் போனால் பயப்பட வேண்டாம். சிக்னல் போகும் முனை எங்கோ டேப்பைத் தொடுகிறது. ஜாக்கின் முனை, சுவிட்சின் கால்கள் இருக்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

இதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: செம்பு மின்புலத்தைத்தான் தடுக்கும். ‘ஜ்ர்ர்’ நன்றாகக் குறையும், கையை எடுத்ததும் வருகிற சத்தமும் குறையும். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பினால் மாறுகிறதே, அந்தக் காந்தவழி உறுமலைச் செம்புத் தகடு தொடவே தொடாது. அதற்கு ஹம்பக்கர் அல்லது தூரம்தான்.

பெடல் நாலு சேர்ந்தவுடனே ‘கீ’ன்னு ஒரு சத்தம் சேருதுங்க.

ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக எல்லாப் பெடலுக்கும் கரண்ட் எடுக்கிறீர்கள். டிலே, ரிவெர்ப் மாதிரி டிஜிட்டல் பெடல்களின் உள் இரைச்சல் அதே வயர் வழியாக டிஸ்டார்ஷன் பெடலுக்குள் வந்து, அங்கே பல மடங்கு பெருகுகிறது. சந்தேகப்படும் பெடலுக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் அடாப்டர்தான். ஒவ்வொரு முனையும் தனித்தனியாகப் பிரிந்த ஐசொலேட்டட் பவர் சப்ளை வாங்குவது நிரந்தரத் தீர்வு. நான்கு பெடலுக்கு மேல் வைத்திருப்பவர் அடுத்த பெடலுக்கு முன் இதை வாங்குவதே நல்லது.

நாய்ஸ் கேட் பெடல் போட்டா எல்லாம் முடிஞ்சுதுங்ளே?

வாசிக்காதபோது சத்தத்தை மூடிவைக்கும், அவ்வளவே. மீட்டியதும் கதவு திறக்கும், உறுமலும் கூடவே வரும். நீண்ட சுரம் கரைந்து அடங்கும்போது வாலை நறுக்கியும் விடும். மேலே சொன்னதையெல்லாம் செய்தபின், கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகம் வைத்து வாசிப்பவர்களுக்கு அது நல்ல துணை.

எர்த் பின்னை உடைச்சுட்டா சத்தம் நின்னுருதுங்க. நெறைய பேரு அப்படித்தானே பண்றாங்க?

பண்ணாதீர்கள். யார் சொன்னாலும் பண்ணாதீர்கள். மூணு பின் பிளக்கில் மேலே தடிமனாக இருப்பது உங்கள் உயிருக்கான பின். கம்பி, பிரிட்ஜ், ஜாக், கேபிளின் ஷீல்டு, ஆம்பின் இரும்புச் சட்டம், எல்லாம் ஒரே தொடர் இணைப்பு. ஆம்புக்குள் ஒரு பேஸ் வயர் (கரண்ட் வரும் வயர்) தளர்ந்து சட்டத்தைத் தொட்டால், எர்த் இருக்கும்வரை கரண்ட் அதன் வழியாக ஓடி ஃப்யூஸ் போகும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட் உங்கள் விரல் நுனியில் நிற்கும். 1972-ல் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மேடையில், சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்தார்.

பின்னை உடைத்ததும் சத்தம் நிற்பது ஏன் என்றால், உங்களிடம் இருப்பது கிரவுண்டு லூப். ஆம்ப் ஒரு சாக்கெட்டில் எர்த் ஆகிறது, மிக்ஸர் இன்னொரு சாக்கெட்டில் எர்த் ஆகிறது, நடுவில் கேபிளின் ஷீல்டு இரண்டையும் இணைக்கிறது. இரு எர்த்துக்கும் இடையே சின்ன வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் ஷீல்டு வழியாகக் கரண்ட் ஓடி உறுமலாகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினாலே பல சமயம் தீரும். தீராவிட்டால், டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸை (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) நடுவில் வைத்து அதிலுள்ள கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கிறது. கரண்ட் பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும்.

எங்க ஊட்ல எர்த் ஒழுங்கா இருக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து சாக்கெட்டில் அளக்கத் தெரிந்தால் அளங்கள், இல்லையென்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி, பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். கடைசி அளவு பத்தைத் தொட்டால் ஏதோ சரியில்லை. மீட்டர் மட்டும் முழுச் சாட்சி ஆகாது. அது துளிக் கரண்ட்தான் இழுக்கும், அதனால் நலிந்த எர்த்திலும் 230 காட்டிவிடும். வயர்மேன் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு போட்டுப் பார்ப்பார். மங்கலாக எரிந்தால் எர்த் பலவீனம். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) உள்ள வீட்டில் அந்தச் சோதனையில் அது விழுந்துவிடும், அது நல்லதுதான்.

நம் பக்கத்து மண் காய்ந்த மண், கொஞ்சம் தோண்டினால் பாறை. கரியும் உப்பும் போட்ட எர்த் குழி சித்திரை, வைகாசியில் வறண்டு போனால் எர்த் நலிந்துவிடும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. சில இடங்களில் எர்த் வயரே இழுக்காமல், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவைத்திருப்பார்கள். மீட்டரில் நியூட்ரல்–எர்த் சரியாகப் பூஜ்யம் காட்டினால் சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரல் அறுந்த அன்றைக்கு ஆம்பின் சட்டத்தில் கரண்ட் ஏறும்.

பக்கத்துல தறி ஓடுதுங்க. அதுக்கு என்ன பண்றது?

சோமனூர், பல்லடம் பக்கமிருந்து தவறாமல் வரும் கேள்வி. தறி மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் லைனில் வரும் ‘டக்’, ‘சர்ர்’ போன்றவற்றை ஃபில்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஓரளவு வடிகட்டும். தொடர்ந்து வரும் ஆழமான உறுமலை அது ஒன்றும் செய்யாது. அறையில் தறிச்சாலைச் சுவரை விட்டு எதிர்ப்பக்கம் உட்காருங்கள், ஹம்பக்கர் கிட்டாரை எடுங்கள். ரெக்கார்டிங் என்றால் தறி நிற்கும் நேரம்தான்.

லேப்டாப்புல சொருகினா கத்துது, சார்ஜரைப் புடுங்கினா நின்னுருது.

சார்ஜர்தான் காரணம் என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ரெண்டு பின் சார்ஜராக இருந்தால் லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவும்போது விரலில் லேசாகச் சுருசுருப்பதையும் கவனித்திருப்பீர்கள். அந்தக் கசிவே கிட்டாரிலும் கேட்கிறது. எர்த் உள்ள மூணு பின் சார்ஜர் கிடைத்தால் அதற்கு மாறுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியில் ஓட்டிப் பதிவு பண்ணுங்கள். மவுஸை அசைத்தால் ‘கிறிச் கிறிச்’ என்றால் யுஎஸ்பி கிரவுண்டு வழியாக வருகிறது. இதற்கென யுஎஸ்பி ஐசொலேட்டர் உண்டு. ஆனால் மலிவானவை நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் நின்றுவிடும், கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பல ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் அதில் ஓடாது. வாங்கும்முன் வேகத்தைப் பாருங்கள்.

மாரியம்மன் நோம்பிக்கு ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கறேன். மைக்குல வாய் பட்டா சுருக்குனு அடிக்குதுங்க.

உடனே நிறுத்துங்கள். உறுமலைவிட இது பெரிய விஷயம். ஆம்ப் ஒரு லைனிலும் மிக்ஸர் இன்னொரு லைனிலும் ஓடி, இரண்டில் ஒன்று எர்த் ஆகாமல் இருக்கிறது. கம்பி ஒரு பக்கம், மைக் மறுபக்கம், நடுவில் நீங்கள். மேடையேறியதும் எதையும் தொடும்முன், மைக்கின் வலைமேல் மீட்டரின் ஒரு முனையையும் கம்பியில் இன்னொரு முனையையும் வைத்து ஏசி வோல்ட் பாருங்கள். ஓரிரண்டு வோல்ட்டைத் தாண்டினால் மைக் செட்காரரைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரில் ஓடுகிறதென்றால், ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சத்தத்துக்கு: மேடையில் உள்ள இசைக்கருவிகள் எல்லாவற்றுக்கும் மிக்ஸர் இருக்கும் அதே லைனிலிருந்து கரண்ட் வாங்குங்கள். சீரியல் செட்டும் டிம்மர் லைட்டும் வேறு லைனில் போகட்டும். கேபிளை லைட் வயர்களோடு கட்டாக இழுக்காமல், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடத்துங்கள்.

பழைய வால்வ் ஆம்ப் ஒண்ணு கெடச்சுது. கிட்டார் சொருகாமயே ‘ம்ம்ம்’ங்குது.

ஆறாவது கம்பி, மூன்றாவது ஃப்ரெட் சோதனையில் 100 ஹெர்ட்ஸ் என்று தெரிந்தால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். வருடக்கணக்கில் சும்மா கிடந்த ஆம்பில் இது நடக்கும். நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே 300, 400 வோல்ட் டிசி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். வால்வ் ரேடியோ, வால்வ் ஆம்ப்ளிஃபயர் பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

ரெண்டு ஆம்ப்ல ஒரே நேரத்துல வாசிக்கோணும். தனித்தனியா சுத்தமா இருக்குது, சேர்த்தா கத்துதுங்க.

கிரவுண்டு லூப்பேதான், பின் உடைக்கும் கேள்வியில் சொன்ன அதே கணக்கு. சிக்னலைப் பிரிக்கும் பெட்டியில் ஒரு பக்கமாவது டிரான்ஸ்பார்மர் உள்ள ஏபிஒய் பாக்ஸ் வாங்குங்கள். அந்தப் பக்கத்து ஆம்புக்கு ஷீல்டு இணைப்பு அறுபட்டு, சிக்னல் மட்டும் காந்தம் வழியாகத் தாண்டும். இரண்டு ஆம்பின் எர்த் பின்னும் அதனதன் இடத்திலேயே இருக்கட்டும். சேர்த்ததும் உறுமல் போய், அடிநாதமும் மெலிந்து சத்தம் வற்றினாற்போல் கேட்டால், இரண்டு ஆம்பும் எதிர் ஃபேஸில் ஓடுகின்றன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. அந்தப் பெட்டியிலேயே இருக்கும் போலாரிட்டி சுவிட்சைத் தட்டிவிடுங்கள்.